யூனிவர்சல் ஸ்டூடியோஸ் சிங்கப்பூரில் எங்கே சாப்பிடுவது? கிளிநொச்சியிலிருந்து போய்வந்த குடும்பம் சொல்வது

பிள்ளைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு யூனிவர்சல் ஸ்டூடியோஸ் சிங்கப்பூருக்குப் போகிறீர்கள் என்றால் மத்தியானச் சாப்பாட்டை இரண்டு மணிக்கு வையுங்கள். பண்டைய எகிப்துப் பகுதியில் இருக்கும் ஒயாசிஸ் ஸ்பைஸ் கஃபேக்குப் போங்கள். காலைச் சாப்பாடும் இரவுச் சாப்பாடும் பூங்காவுக்குள் வேண்டாம், அவற்றை நகரத்துக்குள் இந்தியக் கடைகள் நிறைந்த லிட்டில் இந்தியாவில் முடித்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் இருப்பவர்களுக்கு இவ்வளவும் போதும். மிச்சம் எல்லாம் ஏன் என்று கேட்பவர்களுக்கு, அது கொஞ்சம் நீளம்.

நாங்கள் கிளிநொச்சியில் இருக்கிறோம். நானும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் அம்மாவும் போனோம், கனடாவிலிருந்து அக்கா குடும்பம் அங்கே வந்து சேர்ந்துகொண்டது. வன்னியில் இப்போது பல வீடுகளில் இப்படி நடக்கிறது. கனடாவுக்கோ லண்டனுக்கோ விசா எடுப்பது பெரும்பாடு, சிங்கப்பூர் என்றால் இலங்கைக் கடவுச்சீட்டுக்கு விசா இல்லாமலே முப்பது நாள் வரை நிற்கலாம், அதனால் வெளிநாட்டில் இருக்கிற சகோதரங்கள் பாதி வழி வர, ஊரில் இருக்கிறவர்கள் பாதி வழி போய், நடுவில் சந்தித்துக்கொள்கிறார்கள். சந்திக்கிற இடத்தில் பிள்ளைகளுக்காக ஒரு நாள் பூங்காவுக்கு என்று ஒதுக்கவேண்டி வரும். அந்த ஒரு நாளில் எந்தச் சவாரி நல்லது என்று எழுதியவர்கள் ஆயிரம் பேர். அம்மாவுக்குச் சோறு எங்கே கிடைக்கும் என்று தமிழில் எழுதியவரைத் தேடி நான் களைத்துப்போனேன்.

எங்களோடு வந்தவர்களை முதலில் சொல்லவேண்டும், ஏனென்றால் சாப்பாட்டுக்கடை தெரிவு செய்வது கடையைப் பொறுத்ததல்ல, கூட இருக்கிறவர்களைப் பொறுத்தது. அம்மாவுக்குச் சீனி வருத்தம், மருந்து எடுக்கிறார், நேரம் தவறினால் கை நடுங்கும், சோறு இல்லாமல் ஒரு நேரச் சாப்பாட்டைச் சாப்பாடு என்று ஒத்துக்கொள்ள மாட்டார். அத்தான் மாட்டிறைச்சி தொடமாட்டார். அக்காவின் மூத்த மகள் முழுச் சைவம், முட்டையும் இல்லை. என்னுடைய சின்னவள் வெள்ளைச் சோறும் உருளைக்கிழங்கும் தவிர வேறொன்றும் சாப்பிடாத வயதில் இருக்கிறாள். மகன் எதையும் சாப்பிடுவான். இந்தக் கூட்டத்தை ஒரே மேசையில் இருத்தி எல்லாரையும் வயிறு நிறைய எழுப்புவதுதான் எங்கள் அளவுகோல். உங்கள் கூட்டம் வேறாக இருந்தால் முடிவும் வேறாகலாம்.

சரி, ஏன் இரண்டு மணி என்பதற்கு வருகிறேன். சிங்கப்பூர் நேரம் எங்களுடையதை விட இரண்டரை மணித்தியாலம் முன்னுக்கு நிற்கிறது. அங்கே மத்தியானம் 12 மணி என்றால் கிளிநொச்சியில் காலை 9.30. போன ஒன்றிரண்டு நாளில் வயிறு இன்னும் ஊரில்தான் இருக்கும், உடம்பு மட்டும்தான் விமானத்தில் வந்திருக்கும். 12 மணிக்குப் பூங்காவில் எல்லாரும் சாப்பாட்டுக்கடைகளைப் பார்த்து ஓடுவார்கள், நாங்களும் பின்னால் போனால் நெடிய வரிசையில் நின்று, இடம் தேடி அலைந்து, கடைசியில் பசியே இல்லாத பிள்ளைகளுக்கு முன்னால் விலை கூடிய சாப்பாட்டை வைத்துவிட்டுக் கெஞ்சவேண்டும். இரண்டு மணிக்கு எங்கள் வயிற்றில் 11.30. அப்போதுதான் உண்மையான பசி தொடங்குகிறது, கடைகளிலும் முதல் கூட்டம் எழும்பிப் போயிருக்கும். மற்றவர்கள் சாப்பிடுகிற 12 முதல் 1.30 வரையான நேரத்தில் சவாரிகளுக்குப் போங்கள், கூட்டத்தில் ஒரு பகுதி சாப்பாட்டு மேசையில் இருக்கிற நேரம் அது. பெரியவர் ஒருவருக்கான நுழைவுச்சீட்டு 80 வெள்ளியை, அதாவது சிங்கப்பூர் டொலரை, தாண்டுகிறது, இன்றைய மதிப்பில் ஒரு வெள்ளிக்கு இருநூறு ரூபாய்க்கு மேல் போகிறது, ஆகவே அங்கே வரிசையில் போகும் ஒவ்வொரு அரை மணித்தியாலத்துக்கும் நீங்கள் காசு கட்டியிருக்கிறீர்கள். அக்கா குடும்பத்துக்கு ரொறொன்ரோவுக்கும் சிங்கப்பூருக்கும் கோடையில் சரியாகப் பன்னிரண்டு மணித்தியால வித்தியாசம், பகல் இரவாகவும் இரவு பகலாகவும் கிடந்தது, அவர்களுக்கு எந்த நேரமும் ஒன்றுதான்.

இதே கணக்கு காலைச் சாப்பாட்டில் எங்களுக்கு எதிராக வேலை செய்கிறது. பூங்கா வழக்கமாகப் பத்து மணிக்குத் திறக்கும். அதற்கு முன் சாப்பிடவேண்டும் என்றால் எட்டு மணி, அதாவது ஊரில் விடிகாலை 5.30. பிள்ளைகள் கோப்பையைப் பார்க்கவே மாட்டார்கள். அதனால் வந்து இறங்கின மறுநாளே பூங்காவுக்குப் போகாமல் இரண்டு நாள் ஊர் சுற்றிவிட்டுப் போங்கள், காலை வயிறு ஓரளவு வழிக்கு வரும். எங்கள் தங்குமிடம் லிட்டில் இந்தியாவில் இருந்ததால் காலை நேரம் தேக்கா சந்தைக்குப் போனோம். கீழ்த்தளத்தில் ஒரு பக்கம் மீன், இறைச்சி, மரக்கறிச் சந்தை, மறுபக்கம் சாப்பாட்டுக்கடைகள் வரிசையாக. தோசை, இட்டலி, வடை, புரோட்டா, பால் தேத்தண்ணி. தேத்தண்ணியை இழுத்து ஆற்றி நுரையோடு தருகிறார்கள், அம்மாவுக்குச் சீனி இல்லாமல் என்று தமிழிலேயே சொல்லி வாங்கினோம். விலை பூங்காவோடு ஒப்பிடவே முடியாது, சில வெள்ளிகளில் ஒருவர் வயிறாறலாம்.

சிங்கப்பூரின் இந்தச் சாப்பாட்டு அங்காடிப் பழக்கத்தை 2020இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. தேக்காவில் ஒரு மணித்தியாலம் இருந்து பார்த்தால் அதில் நியாயம் இருப்பது தெரியும். சீனரும் மலாயரும் தமிழரும் வங்காளத் தொழிலாளரும் தோளோடு தோள் முட்டிக்கொண்டு ஒரே மேசைகளில் இருந்து சாப்பிடுகிறார்கள், யாரும் யாருடைய கோப்பையையும் எட்டிப்பார்ப்பதில்லை. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அங்கே தெரிந்திருக்கவேண்டியவை சில இருக்கின்றன. மேசையில் ஒரு ரிஷூ பைக்கற்றோ குடையோ தனியாகக் கிடந்தால் அந்த இடத்தை யாரோ பிடித்துவைத்துவிட்டார்கள் என்று அர்த்தம், தூக்கிப்போட்டுவிட்டு இருக்காதீர்கள். கடைகளில் கை துடைக்கத் தாள் தரமாட்டார்கள், நீங்களே கொண்டுபோகவேண்டும். கையால் சாப்பிடுகிற எங்களுக்குக் கை கழுவும் தொட்டிகள் பக்கத்திலேயே இருக்கின்றன. சாப்பிட்டு முடிந்ததும் தட்டத்தைத் திருப்பி வைக்கிற இடத்தில் கொண்டுபோய் வைக்கவேண்டும், 2021 செப்டெம்பரிலிருந்து இது சட்டம், வைக்காமல் எழும்பிப் போனால் முதலில் எச்சரிக்கை, பிறகு தண்டம். எங்கள் பிள்ளைகள் இதை ஒரு விளையாட்டுப் போலப் பிடித்துக்கொண்டார்கள், இப்போது வீட்டிலும் கோப்பையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போகிறார்கள்.

லிட்டில் இந்தியா நிலையத்தில் ஊதா நிற வழித்தட ரயிலில் ஏறினால் ஐந்தாவது தரிப்பான ஹார்பர்பிரண்ட்தான் கடைசி நிலையம், நீங்கள் எண்ணவே தேவையில்லை, ரயில் அதற்கு மேல் போகாது, எல்லாரும் இறங்குவார்கள். இடையில் மாறவேண்டியதில்லை. மேலே விவோசிட்டி என்ற பெரிய அங்காடித் தொகுதி, அதன் மூன்றாம் தளத்திலிருந்து செந்தோசா தீவுக்கு ஒற்றைத் தண்டவாள வண்டி போகிறது, முதல் தரிப்பிலேயே இறங்கவேண்டும். போகும்போது ஆளுக்கு 4 வெள்ளி எடுப்பார்கள், திரும்பி வரக் காசில்லை. நடக்க முடிந்தவர்களுக்குக் கடலை ஒட்டி நடைபாலமும் இருக்கிறது. ரயிலில் எதையும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது, தண்ணீர் கூட, 500 வெள்ளி வரை தண்டம் எழுதலாம். இதைப் பிள்ளைகளுக்கு ஏறமுன்னர் சொல்லிவிடுங்கள். முறிகண்டிக் கச்சான் பையைத் திறந்து ஊரிலிருந்து வந்த பழக்கத்தில் பெட்டிக்குள் கோதை உடைக்கத் தொடங்கிவிடுவார்கள்.

பூங்கா வாசலில் பைகளைப் பார்ப்பார்கள். வெளிச் சாப்பாடு உள்ளே விடுவதில்லை, கைக்குழந்தைச் சாப்பாட்டையும் மருத்துவக் காரணம் உள்ளவற்றையும் விடுகிறார்கள். சீனி வருத்தக்காரரைக் கூட்டிப்போகிறவர்கள் மருந்துச் சீட்டையும் கையோடு வைத்திருந்து வாசலிலேயே சொல்லிவிடுங்கள். அம்மாவின் பையில் பிஸ்கற் பைக்கற் ஒன்றும் ஒரு வாழைப்பழமும் இருந்தன, சொன்னோம், விட்டார்கள். தண்ணீருக்கு வெறும் போத்தலைக் கொண்டுபோங்கள். சிங்கப்பூர்க் குழாய்த்தண்ணீர் அப்படியே குடிக்கலாம், பூங்காவுக்குள் குடிதண்ணீர்க் குழாய்கள் இருக்கின்றன. வன்னியில் பன்னிரண்டு மாதமும் போத்தல் தண்ணீரும் கிணற்றுக் கல்நீரும் என்று சிறுநீரகத்தை நினைத்துப் பயந்தே குடிக்கிற எங்களுக்குக் குழாயைத் திருப்பி வாயை வைப்பதற்கு முதலில் மனம் வராது. என் மகன் குடித்துப் பார்த்த பிறகுதான் அம்மா குடித்தார்.

இனி உள்ளே இருக்கிற கடைகள். நுழைந்தவுடன் வருகிற ஹொலிவூட் பகுதியில் மெல்ஸ் டிரைவ் இன், பேர்கர் கடை. நியூயோர்க் பகுதியில் லூயிஸ் பீட்சாக் கடை, பெரிய கூடம், குளிராக இருக்கும், இளம் பிள்ளைகள் மட்டும் போகிற கூட்டத்துக்கு அது நன்றாகவே சரிவரும், துண்டு துண்டாக வாங்கிப் பகிரலாம். ஃபார் ஃபார் அவே பகுதியில் கோல்டிலொக்ஸ் என்று பொரித்த கோழிக்கடை, சின்னப் பிள்ளைகள் கோட்டையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம். இவை எல்லாவற்றிலும் பிள்ளைகள் பிழைத்துக்கொள்வார்கள், அம்மாதான் பிழைக்கமாட்டார். பாணுக்குள் வைத்த எதுவும் அவருக்குப் பின்னேரத் தேத்தண்ணியோடு கடிக்கிற சாமான்.

லொஸ்ற் வேர்ல்ட் பகுதியில் டிஸ்கவரி ஃபுட் கோட் இருக்கிறது. டைனோசர்ப் படத்தில் வருகிற பார்வையாளர் நிலையத்தின் தோற்றத்தில் கட்டியிருக்கிறார்கள், உள்ளூர் ஆசியச் சாப்பாடுகள், சோறும் உண்டு. மகனுக்கு இதுதான் வேண்டும் என்று ஒரே பிடி, அவனைக் குறை சொல்லமுடியாது, டைனோசருக்குக் கீழே இருந்து சாப்பிடுவது என்பது பன்னிரண்டு வயதில் பெரிய விசயம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பக்கத்திலேயே ராப்பிட்ஸ் அட்வென்சர் என்ற நீர்ச் சவாரி, அதில் இறங்குகிறவர்கள் தோய்ந்துபோய்த்தான் வருவார்கள். தோய்ந்த உடுப்போடு குளிரூட்டிய கூடத்துக்குள் வந்திருந்தால் வயதானவர்களுக்கும் சளிப் பிள்ளைகளுக்கும் அன்றிரவே காய்ச்சல். அங்கே சாப்பிடுவது என்று முடிவெடுத்தால் முதலில் சாப்பாடு, அரை மணித்தியாலம் ஆறுதல், பிறகு தண்ணீர். மாற்றுடுப்பும் ஒரு துவாயும் பையில் இருக்கட்டும். வாட்டர்வேர்ல்ட் காட்சியிலும் முன் வரிசைகளில் தண்ணீர் அடிப்பார்கள், அம்மாவைப் பின்னால் இருத்துங்கள்.

நாங்கள் சாப்பிட்டது ஒயாசிஸில். எகிப்துப் பகுதியில், இருட்டுக்குள் ஓடுகிற மம்மி சவாரிக்குக் கிட்ட இருக்கிறது, ஆகவே சவாரிக்குப் போகிறவர்கள் முதலில் போய்விட்டு வந்து சாப்பிடட்டும், வயிறு நிறைந்த பிறகு அதில் ஏறவேண்டாம். இந்திய, மத்திய கிழக்கு வகைச் சாப்பாடு, ஹலால் கடை. சோறும் கறியும் இருக்கும், நாண் இருக்கும், கோழி இருக்கும். பட்டியல் அடிக்கடி மாறக்கூடியது, பெயர் சொல்லி இதை வாங்குங்கள் என்று சொல்ல நான் விரும்பவில்லை, பலகையை நின்று படித்து, சைவம் எது என்று வாய் திறந்து கேளுங்கள், பணியாளர்கள் பொறுமையாகச் சொல்கிறார்கள். ஹலால் என்று எழுதியிருந்தால் பன்றி இல்லை, வெட்டிய முறை சரி என்பது உறுதி, மாடு இல்லை என்று அதற்குப் பொருளில்லை. அத்தானைப் போன்றவர்கள் தனியாகக் கேட்கவேண்டும். நீராவிப்பிட்டியிலிருந்தும் மன்னாரிலிருந்தும் போகிற முஸ்லிம் குடும்பங்களுக்கு இந்தப் பூங்காவில் இது உண்மையான நிம்மதி, ஒன்றுக்கு மேற்பட்ட ஹலால் கடைகள் இருக்கின்றன.

உறைப்பு பிள்ளைகளுக்குத் தாங்குகிற அளவு. சின்னவள் குழம்பு தொட்ட சோற்றை அழாமல் சாப்பிட்டாள். அம்மா முதல் வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“என்னம்மா, பிடிக்கேல்லையா?”

“நல்லாத்தான் இருக்குப் பிள்ளை. ஒரு சொதி இருந்தா இன்னும் ரெண்டு பிடி கூட இறங்கும்.”

கோப்பையில் ஒன்றும் மிஞ்சவில்லை. அன்று முழுவதும் அவர் களைக்காமல் நடந்ததற்கு அந்தச் சோறுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும், இது கடையைப் பற்றியதல்ல என்று சிலர் நினைக்கலாம், எனக்கு இதுதான் முக்கியம். என் அம்மா சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கமாட்டார். 2009இல் போரால் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் கோப்பையோடு வரிசையில் நின்ற ஆட்களில் அவரும் ஒருவர். கோயில் அன்னதானத்துக்குக் கூடப் பந்தியில் இருப்பார், வரிசை என்றால் வீட்டுக்குப் போய்விடுவார். வன்னியிலிருந்து வயதானவர்களைக் கூட்டிப்போகிற பல பேருக்கு இது தெரியும், பேசமாட்டோம். இந்தப் பூங்காவில் பெரும்பாலான கடைகளில் நாமே போய் வாங்கி வருகிற முறைதான், தட்டத்தைத் தூக்கிக்கொண்டு நகரவேண்டும். ஆகவே இரண்டு மணிக்குப் போவது நேர மிச்சத்துக்காக மட்டும் இல்லை. கணவர் முதலில் உள்ளே போய் மூலையில் ஒரு மேசை பிடித்தார், அம்மாவைக் கதிரையில் இருத்தினோம், சாப்பாடு அவர் முன்னால் வந்தது. முதலில் வாங்குவது, பிறகு இடம் தேடுவது என்ற ஒழுங்கில் போகாதீர்கள். இடம் முதல், அம்மா முதல், பிறகு வாங்கலாம்.

விலையைப் பற்றிக் கேட்பீர்கள். பூங்காவுக்குள் ஒரு ஆளுக்கான தட்டம் பெரும்பாலும் 15 வெள்ளிக்கு மேல், குடிக்கிறது சேர்த்தால் 20ஐத் தொடும். அந்தக் காசுக்குக் கிளிநொச்சியில் ஒரு வீட்டு மத்தியானச் சாப்பாடு முடிந்துவிடும் என்பது உண்மைதான், மனம் கணக்குப் பார்க்கும், பார்க்கட்டும். ஆனால் அந்த ஒரு நேரத்தில் மிச்சம் பிடிக்க வெளிக்கிடாதீர்கள். ஐஸ்கிறீமும் சோளப்பொரியும் சோடாவும் என்று நாள் முழுவதும் சில்லறையாய்ப் போகிற காசைக் கூட்டிப் பாருங்கள், ஒரு நல்ல சோற்றுத் தட்டத்தை விட அது கூட வரும், வயிறும் நிறையாது. சின்னப் பிள்ளைகளுக்குத் தனித்தட்டம் தேவையில்லை, ஒன்றை இரண்டாகப் பிரித்தோம், போதியது. மத்தியானம் வெளியே போய்ச் சாப்பிட்டு வருவோம் என்று நினைக்கிறவர்கள் வெளியேறும்போது திரும்ப உள்ளே வருவதற்கான முத்திரையைக் கேட்டுக் கையில் குத்திக்கொள்ளவேண்டும். விவோசிட்டியிலும் சாப்பாட்டுக்கூடங்கள் இருக்கின்றன, விலை குறைவு, ஆனால் வெயிலில் முழுக் கூட்டத்தையும் இழுத்துக்கொண்டு போய் வருவதற்குள் ஒன்றரை மணித்தியாலம் போய்விடும். இளம் சோடிகளுக்குச் சரி. எங்களுக்கு இல்லை.

பூங்காவை விட்டு மாலை ஆறரை ஏழுக்கு வெளியே வரும்போது ஊர் நேரம் நாலு மணி. பிள்ளைகளுக்குக் களைப்பு இருக்கும், பசி இருக்காது. வாசலைச் சுற்றி மின்விளக்குகளோடு பல கடைகள் கூப்பிடும், தாண்டி வாருங்கள். அதே ஊதா ரயிலில் ஏறினால் பிள்ளைகள் கொஞ்சம் கண்ணயர்வார்கள், லிட்டில் இந்தியாவில் இறங்கி முகம் கழுவி ஒன்பது மணிக்குச் சாப்பிடப் போனால் சரியான பசி நிற்கும். செரங்கூன் வீதியில் கோமள விலாஸ், 1947இலிருந்து நடக்கிற சைவக்கடை, அக்காவின் மகள் பயணம் முழுவதிலும் ஒரு கேள்வியும் கேட்காமல் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்ட இடம். தோசை முறுகலாக, சட்னி சாம்பாருடன். அதை விடப் பழையது ஆனந்த பவன், 1924. மீன்தலைக் கறி வேண்டும் என்ற பெரியவர்களை இன்னொரு நாள் பனானா லீவ் அப்பொலோவுக்குக் கொண்டுபோனோம், வாழையிலையில் சோறு, அம்மா சிங்கப்பூரில் முதன்முதலாக இரண்டாம் தரம் சோறு கேட்டது அங்கேதான்.

சைவக்காரருக்கு இன்னும் ஒன்று. மரக்கறி நூடுல்ஸ், மரக்கறிக் குழம்பு என்று பெயர் இருந்தாலும் சீன, மலாய்க் கடைகளில் காய்ந்த இறாலோ இறால் விழுதோ சேர்ந்திருக்கலாம், அவர்களுக்கு அது உப்பு மாதிரி ஒரு சரக்கு, மறைக்கவேண்டும் என்று செய்வதில்லை. கேட்டு வாங்குங்கள். சீனச் சைவக்கடைகளில் இறைச்சி போலவே வெட்டிய சோயாத் துண்டுகள் வரும், அம்மா அதைப் பார்த்ததும் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டார், சொல்லியும் நம்பவில்லை.

நகரத்தில் ஒரு சாப்பாட்டுக்கடையில், பெயர் வேண்டாம், இருந்தவுடனே மேசையில் அவித்த கச்சானும் ஈரத் துவாய்களும் கொண்டுவந்து வைத்தார்கள். கேட்காமல் வைத்ததால் உபசாரம் என்று பிள்ளைகள் தின்றார்கள், பில்லில் இரண்டுக்கும் தனித்தனியாகக் காசு போட்டிருந்தது. வேண்டாம் என்றால் முதலிலேயே எடுத்துப்போகச் சொல்லலாம், அப்படிச் சொல்லலாம் என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. மேசைக்கு வந்து பரிமாறுகிற கடைகளில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் 10 வீதம் சேவைக் கட்டணமும் 9 வீதம் வரியும் மேலே ஏறும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதம் போவது என்பதும் சாப்பாட்டோடு சேர்ந்த கேள்விதான். சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு ஜூனிலும் நவம்பர் கடைசியிலிருந்து டிசெம்பர் முழுக்கவும் விடுமுறை, அப்போது பூங்காவும் கடைகளும் நிறைந்து வழியும். எங்கள் ஓகஸ்ட் விடுமுறையில் அங்கே பள்ளி நடக்கிறது, அவர்களுடைய தேசிய தினமான 9ஆம் திகதியை ஒட்டிய நாட்களைத் தவிர்த்தால் வார நாட்களில் ஆறுதலாகப் போகலாம். ஆனால் நல்லூர்க் கொடியேற்றம் பெரும்பாலும் அந்தக் காலத்தில்தான் வரும், வன்னியிலும் பல வீடுகளில் இருபத்தைந்து நாளும் மச்சம், அதாவது மீன் இறைச்சி, சமைப்பதில்லை. அந்த விரதத்தோடு பூங்காவுக்குள் ஒரு முழு நாள் என்பது பிள்ளைகளுக்குச் சிரமமில்லை, பெரியவர்களுக்குச் சிரமம். அப்படியான குடும்பம் என்றால் காலை கோமள விலாஸில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போய், மத்தியானம் ஒயாசிஸில் நாணும் சைவக்கறியும் கேட்டுப் பார்த்து, மிச்சத்தை இரவுக்கு வையுங்கள். திருவிழா இல்லாத மாதம் என்றாலும், வெள்ளிக்கிழமை மச்சம் சாப்பிடாத வீடு என்றால் அந்த நாளைப் பூங்காவுக்கு வைக்காதீர்கள்.

போகிற வழிச் சாப்பாட்டையும் கேட்கிறார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். கிளிநொச்சியிலிருந்து வான் வண்டியில் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகிறவர்கள் முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்குவது எப்படியும் நடக்கும். சாப்பாட்டுக்கு வவுனியா வரை பொறுத்திருந்து அம்மாச்சியில் நிற்பாட்டுங்கள். விவசாயத் திணைக்களத்தின் ஏற்பாட்டில் பெண்கள் நடத்துகிற கடை, குரக்கன் புட்டு, இடியப்பம், உழுந்து வடை, கொழுக்கட்டை எல்லாம் கண்ணுக்கு முன்னால் சுட்டு அவித்துத் தருவார்கள், சீனி வருத்தக்காரருக்கு ஏ9 வீதியில் அதை விட நல்ல இடம் எனக்குத் தெரியாது. அங்கே புட்டைப் பார்சலாகவும் கட்டிக்கொள்ளுங்கள். அநுராதபுரம் தாண்டிப் புத்தளம், சிலாபம் பக்கம் இரவில் பிள்ளைகள் பசி என்று எழும்பும்போது அது கைகொடுக்கும்.

பூங்கா நாளுக்கு ஒரு பெரியவருக்குச் சாப்பாட்டுக் காசாக 40 வெள்ளி ஒதுக்கினால் தாராளமாகப் போதும். அதில் பாதி ஒயாசிஸுக்கு, தேக்காவுக்கு ஐந்தாறு, இரவுச் சாப்பாட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு, மிஞ்சுவது பிள்ளைகளின் ஐஸ்கிறீமுக்கு.